செயற்கைக் காலோடு மோட்டார் சைக்கிள்: மிதியையும் கியரையும் முன்னுக்கு நகர்த்துவது எப்படி?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வீட்டு முற்றம். மாமரத்தின் கீழே, நடு ஸ்ராண்டில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் மேல் அண்ணை ஒருவர் அசையாமல் இருக்கிறார். வலது கால் வழமையான இடத்தில் இருக்கிறது. இடது கால், எஞ்சினுக்குப் பக்கத்தில் அடுக்கிய செங்கற்களின் மேல் நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய மனைவி மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்கிறார். "இன்னும் பத்து நிமிசம் இருக்கு, இறங்கிப் போடாதையுங்கோ."

அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 இன் தொடக்கத்தில் போனது. இப்போது செயற்கைக் காலோடு மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போய் வருகிறார். பெயர் வேண்டாம் என்றார்.

"கால் இல்லையெண்டதை விட, காலை மடக்கேலாது எண்டதுதான் தம்பி பிரச்சினை. கால் மணித்தியாலம் ஓடினால் சொக்கற் முழங்காலுக்குப் பின்னாலை வெட்டும். புண் வந்தால் ரெண்டு, மூண்டு நாள் காலைக் கழட்டி வைச்சிட்டு வீட்டிலை இருக்க வேணும். அந்த நாளுக்கு உழைப்பு இல்லை."

அந்தச் செங்கல் அடுக்கு இதற்கான பரிசோதனை. இடது மிதியையும் கியர் லீவரையும் முன்னுக்கு நகர்த்தினால் வலி குறையுமா என்று பார்க்கிறார்கள். இந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஆனால் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குரூசரிலிருந்து வந்த யோசனை

காலை முன்னுக்கு நீட்டி ஓடுவது அமெரிக்கக் குரூசர் மோட்டார் சைக்கிள்களின் பழக்கம். 1969 இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' திரைப்படத்தில் வரும் நீண்ட முன்கவருள்ள வண்டிகளை நினைத்துப் பாருங்கள். நெடுந்தூரம் ஓடும்போது காலை நீட்டி ஆறுதலாக இருக்கலாம் என்பதற்காகவே மிதி, கியர், பின் பிரேக் மூன்றையும் முன்னுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வீதிகளில் ஓடும் வண்டிகளில் பஜாஜ் அவெஞ்சர் இந்த வகையைச் சேர்ந்தது. சீற் தாழ்வாகவும் மிதி முன்னுக்கும் இருக்கும்.

அங்கே அது சொகுசு. செயற்கைக் கால் போட்டவருக்கோ அது தோல் உரியாமல் வீடு திரும்புகிற விடயம். முழங்காலுக்குக் கீழான செயற்கைக் காலில், எஞ்சிய கால் சொக்கற் என்ற கிண்ணத்துக்குள் இருக்கும். முழங்காலை 90 பாகைக்கு மேல் மடக்கும்போது அந்தக் கிண்ணத்தின் பின்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்துகிறது. வண்டி அதிரும்போது அந்த இடம் உராய்ந்து புண்ணாகிறது. முழங்கால் கொஞ்சம் நீண்டிருந்தால் அழுத்தம் குறையும்.

யாருக்குப் பொருந்தும்?

முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து, முழங்கால் நன்றாக வேலை செய்பவர்களுக்கே இது பொருந்தும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் இதைச் செய்யக்கூடாது. பக்கச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர் அல்லது முச்சக்கர வண்டியே அவர்களுக்குப் பாதுகாப்பு.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் காலுக்கு வேலையே இல்லை, இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. கிட்டிய ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் ஸ்கூட்டரின் தட்டில் கால் வைக்கும்போது முழங்கால் ஏறக்குறைய 90 பாகையில் நிற்கும். சின்னச் சில்லு கிரவல் வீதிக்கும் சேற்றுக்கும் தோதில்லை.

புது வண்டி வாங்கலாமே என்பது எல்லோருக்கும் இயலுகிற காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியின் விலையும் ஏறியது. கையில் இருப்பதை ஏற்றபடி மாற்றுவதுதான் பலருக்கு எஞ்சிய வழி.

முதலில் செங்கல், பிறகு ஸ்பனர்

எந்த நட்டையும் கழற்ற முன்னர் இருக்கையைச் சோதியுங்கள். வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, வழமையாகப் போடும் சப்பாத்தோடு ஏறி இருங்கள். செங்கல் அல்லது பலகை அடுக்கிச் செயற்கைக் காலை முன்னுக்கு வையுங்கள். 20 நிமிடம் இருந்துவிட்டு, இறங்கிச் செயற்கைக் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 10 நிமிடத்துக்குள் மறைந்தால் அந்த இடம் சரி. மறையாவிட்டால் அடுக்கை நகர்த்தி மீண்டும் சோதியுங்கள். எங்கே வைத்தாலும் சிவப்பு மறையவில்லையென்றால் பிழை வண்டியில் இல்லை, சொக்கற்றில் இருக்கிறது. செயற்கைக் கால் செய்து தந்த நிலையத்துக்குத்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் சொக்கற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் மாற்றவேண்டும் என்றில்லை. அண்ணைக்கு வலது கால் நல்ல கால். எனவே பின் பிரேக்கைத் தொடவே இல்லை. பிரேக்கில் கை வைக்காமல் முடிக்கக்கூடிய வேலையே பாதுகாப்பான வேலை.

மிதியைத் தாங்கும் தகடு

புதிய மிதி ஒரு தடித்த இரும்புத் தகட்டில் நிற்கும். அந்தத் தகட்டை எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் முன் போல்ட்டுகளில் பூட்டலாம், அல்லது சட்டகக் குழாயைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சட்டகத்தில் வெல்டிங் அடிக்கவோ துளை போடவோ கூடாது. சூடு பட்ட இடத்தில் குழாய் பலமிழந்து, பிறகொரு நாள் பள்ளத்தில் விழும்போது வெடிக்கும். இரண்டு, முன்னால் பூட்டியிருக்கும் காட் கம்பியில் மிதியைக் கட்டாதீர்கள். அது மெல்லிய குழாய், ஆளின் பாரத்தைத் தாங்க அல்ல. மூன்று, மிதி பின்னோக்கி மடியக்கூடியதாக இருக்கவேண்டும். வளைவில் நிலத்தில் தட்டினால் மடியாத மிதி வண்டியைத் தூக்கி எறியும்.

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். சாதாரண இரும்புப் போல்ட் இந்தப் பாரத்துக்குப் போதாது. செயற்கைப் பாதம் வழுக்காமல் இருக்க மிதியின் வெளிப்பக்கம் ஒரு சிறு விளிம்பு வைக்கலாம். பாதத்தை மிதியோடு கட்டவே கூடாது. வண்டி சரிந்தால் கால் தானாகக் கழன்று வரவேண்டும்.

கியரைக் கொண்டுபோதல்

பழைய லீவரைக் கழற்ற முன்னர், அது நிற்கும் நிலையைக் கியர் தண்டில் அடையாளம் செய்யுங்கள். இறுக்கும் போல்ட்டை முழுதாக உருவவேண்டும். பல வண்டிகளில் அந்தப் போல்ட் தண்டிலுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும், தளர்த்தி மட்டும் இழுத்தால் பல் உடையும்.

தண்டில் ஒரு குட்டைக் கை, முன்னாலுள்ள புதிய லீவரில் ஒரு குட்டைக் கை, இரண்டையும் இணைக்க ஒரு நேரான கம்பி. இதுதான் முழு ஏற்பாடு. பலர் பிழை விடுவது கைகளின் திசையில். இரண்டு கைகளும் மேல்நோக்கி, அல்லது இரண்டும் கீழ்நோக்கி இருந்தால் கியர் வரிசை பழையபடியே இருக்கும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் வரிசை தலைகீழாகும். கூட்டுவதாக நினைத்து மிதித்தால் கியர் குறையும், ஓடும் வண்டியில் பின்சில்லு இறுகும். இரண்டு கைகளும் ஒரே நீளமாகவும் கம்பிக்குச் செங்குத்தாகவும் இருந்தால் பழைய அளவு அசைவே கிடைக்கும்.

செயற்கைப் பாதத்தின் கணுக்கால் மேல்நோக்கி மடியாது. விரலால் லீவரைத் தூக்குவது கடினம். அதனால் முன்னும் பின்னும் மிதிக்கக்கூடிய இரட்டை லீவர் பூட்டுவதே நல்லது. விரல் பக்கம் மிதித்தால் ஒரு திசை, குதிப் பக்கம் மிதித்தால் மறுதிசை. தொடையின் பலமே இரண்டுக்கும் போதும்.

வலது கால் இல்லாதவர்கள்

இவர்களுக்கு வேலை கூட. செயற்கைப் பாதத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. சில்லு இறுகி வழுக்கிய பிறகே தெரியும். பின் பிரேக் ட்ரம் வகையென்றால், இன்னொரு கேபிள் போட்டு இடது கைப்பிடியில் தனி லீவராகக் கொண்டுவரலாம். இதை வீட்டில் செய்யவேண்டாம், அனுபவமுள்ள திருத்துநரிடம் கொடுங்கள். பிரேக் பிடிக்கும்போது பின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அதன் சுவிட்ச் பழைய பெடலோடு இணைந்திருப்பதால் மறந்துபோவார்கள்.

இன்னொன்று, சைலன்சர் வலப்பக்கம். சொக்கற் பிளாஸ்டிக். சூட்டில் அது இளகினாலும் உங்களுக்குச் சுடாது. சூட்டுக் காப்புத் தகடு அவசியம்.

வீதிக்கு முன் மைதானம்

சில்லு நிலத்தில் படாமல் நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நியூற்றல் விளக்கு எரிகிறதா? கம்பி எஞ்சினிலோ சைலன்சரிலோ உரசுகிறதா? முன்சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது மிதியிலோ சப்பாத்திலோ முட்டுகிறதா? பிறகு மைதானத்தில் முதலாம் கியரில் மட்டும் ஓடுங்கள். முதல் 50 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா நட்டையும் மீண்டும் இறுக்குங்கள்.

காலை நீட்டி இருப்பதில் ஒரு குறையும் உண்டு. பள்ளம் வரும்போது மிதியில் ஊன்றி எழும்ப முடியாது, அடி நேராக முதுகில் ஏறும். வேகத்தைக் குறைப்பதே ஒரே மருந்து. நிறுத்தும்போது நல்ல காலை ஊன்றிப் பழகுங்கள். வலது காலை ஊன்றுபவர் பின் பிரேக்கை விடுகிறார் என்பதால், முன் பிரேக்கைப் பிடித்தபடியே நிற்கவேண்டும்.

கடதாசி வேலை

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வாகன மாற்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்க முன்னரே மாவட்டத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது செயற்கைக் காலை மறைக்காதீர்கள். மறைத்து எடுத்த பத்திரம் விபத்து நாளில் உதவாது.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அந்த உடன்படிக்கை வெடிகளை அகற்றுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை, பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவத்தையும் சமூக, பொருளாதார வாழ்வையும் பற்றிப் பேசுகிறது. கால் கொடுப்பதோடு அந்தக் கடமை முடிவதில்லை. அந்தக் காலோடு ஒருவர் உழைக்கப் போகமுடிகிறதா என்பதும் அதில் அடங்கும். அதுவரை இந்த வேலை முற்றத்திலும் கராஜிலும்தான் நடக்கிறது.

அண்ணையின் சிவப்பு எட்டாவது நிமிடத்தில் மறைந்தது. மனைவி செங்கல் இருந்த இடத்தைச் சோக்கால் அடையாளம் செய்தார். "இனித் திருத்துநரைக் கூப்பிடுவம்" என்றார் அண்ணை.