சீர்திருத்தப் பள்ளியை விட்ட பின்

செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பிழை செய்த பாலகரைப் பெரியோருடன் சிறையிலிட்டால் அவர் திருந்துவதற்கு மாறாகத் திருட்டிலேயே தேர்ச்சி பெறுவர் என்னும் அச்சமே இத்தகைய பள்ளிகள் தோன்றக் காரணமாயிற்று. 1920-இல் சென்னை மாகாணம் இயற்றிய சிறுவர் சட்டம், இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் முதலாவதாம். இத்துணை முன்னரே விழித்துக்கொண்ட நம் நாட்டில், ஒருமுறை பிடிபட்ட சிறுவன் மறுமுறையும் பிடிபடுவது ஏன்?

பிறவிக் குணம் என்பார் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. இல்லத்தினுள் வேளைக்கு உணவும் கற்கக் கைத்தொழிலும் உண்டு. வாயிலைக் கடந்த அன்று மாலை அவனை எதிர்கொள்பவன் பெரும்பாலும் பழைய கூட்டாளியே. வேறு யார் வருவர்? கையில் வேலை இருப்பின் அக்கூட்டாளியிடமிருந்து அவன் தப்பவும் கூடும்.

வேலைக்கோ பஞ்சமில்லை. செங்கற்பட்டிலிருந்து வடக்கே வந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம், அப்பால் ஸ்ரீபெரும்புதூர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும் இயங்கத் தொடங்கின. வடநாட்டு இளைஞரும் இங்கு வந்து பிழைக்கின்றனர். ஆயினும், ஆளனுப்பும் ஒப்பந்தக்காரர் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பதுண்டு. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் சிறுவன் மனுப்போடாமலே திரும்பிவிடுவான்.

சட்டம் அவ்வாறு அவனை அஞ்சச் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, சிறுவனுடைய வழக்கு விவரத்தை நன்னடத்தைச் சான்றின் பொருட்டுப் போலீசார் வெளியிடலாகாது என்கிறது. 24-ஆம் பிரிவோ, அத்தீர்ப்பினால் அவனுக்கு எவ்விதத் தகுதிக்குறைவும் நேராது என்கிறது. பதினாறு வயது நிரம்பிக் கொடிய குற்றத்திற்காகப் பெரியோரைப்போல் விசாரிக்கப்பெற்றவர்க்கு மட்டும் இச்சலுகை இல்லை. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பெற்ற ஒருவரின் வழக்கில், சிறுவயதுக் குற்றச்சாட்டைக் காட்டி அவரை விலக்குதல் தகாது என உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இச்செய்தி ஆலை வாயிலை எட்டினதாகத் தோன்றவில்லை.

பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விடுவோர்க்குப் பொருளுதவி அளிக்கலாம் என்பது 46-ஆம் பிரிவு. ‘அளிக்கலாம்’ என்பதனை ‘அளித்தல் வேண்டும்’ எனத் திருத்துதல் சட்டசபையாரின் வேலை. விண்ணப்பத் தாளில் ‘முன்பு வழக்கு உண்டோ?’ என்னும் வினாவின் கீழ், பதினெட்டு வயதிற்கு முன் நேர்ந்தவற்றை எழுத வேண்டா என ஒரு வரி சேர்ப்பது ஆலை மேலாளர் ஒரு நாளில் செய்யக்கூடியது. நம் கல்லூரியிற் பயின்று அப்பதவிகளுக்குச் செல்வோர் பலர் ஆதலின் இதனை இங்கு எழுதலானோம்.