கைப்பேசி வஸ்தாது

புனே நகரின் மேற்குப் பக்கத்தில் வாகட் இருக்கிறது. பக்கத்திலேயே ஹிஞ்சவடி கணினித் தொழில் பூங்கா. சற்றுத் தள்ளிப் பாலேவாடி விளையாட்டு வளாகம். 1994-ஆம் ஆண்டு நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அது கட்டப்பட்டது.

கணினி வேலை செய்கிறவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். உடம்புக்கு அசைவு வேண்டும். அதற்குப் பஸ்கி நல்ல பயிற்சி. உட்கார்ந்து எழுந்தால் போதும். செலவே இல்லை.

ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் மூட்டு நோகும். முதுகு வளைந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மராட்டிய நாட்டு மல்யுத்தக் கூடங்களில் வஸ்தாது பக்கத்திலேயே நிற்பார். தவறு செய்தால் தட்டித் திருத்துவார்.

வீட்டில் தனியாகச் செய்பவரை யார் திருத்துவது? இப்போது கைப்பேசியே அந்த வேலையில் உதவுகிறது. எப்படி?

கைப்பேசி எப்படிப் பார்க்கிறது?

கைப்பேசியைச் சுவரோரம் நிறுத்துகிறோம். அது நம்மை வீடியோ எடுக்கிறது. வீடியோ என்பது வரிசையாக எடுத்த பல படங்கள்தான். ஒரு நொடிக்குச் சுமார் 30 படங்கள்.

ஒவ்வொரு படத்திலும் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே என்று கணினி நிரல் தேடுகிறது. அங்கே ஒரு புள்ளி வைக்கிறது.

இதை அது எப்படிக் கற்றது? நாம் எழுத்துக் கற்றதைப் போலத்தான். ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர்கள் கையால் குறி வைத்தார்கள். 'இது தோள், இது முழங்கால்' என்று காட்டினார்கள். பார்த்துப் பார்த்துக் கணினி பழகிக்கொண்டது.

முன்பெல்லாம் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். உடம்பில் பொட்டுகளை ஒட்டி, பல கேமராக்களால் படம் எடுப்பார்கள். 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 'ஓப்பன்போஸ்' என்ற நிரலை வெளியிட்டார்கள். அதற்குப் பொட்டு தேவையில்லை. 2020-இல் கூகுள் நிறுவனம் 'பிளேஸ்போஸ்' என்பதை வெளியிட்டது. அது உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். கைப்பேசியிலேயே வேலை செய்யும்.

கோணம் சொல்லும் கணக்கு

இடுப்பு, முழங்கால், கணுக்கால். இந்த மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். முழங்காலில் ஒரு கோணம் கிடைக்கும். நேராக நின்றால் அது ஏறக்குறைய 180 பாகை. உட்காரும்போது குறையும். பலகையின் மூலையைப் பாருங்கள். அது 90 பாகை. முழங்கால் அந்த அளவுக்கு மடங்கினால் பாதி உட்கார்ந்தாயிற்று.

கோணம் குறைந்து மீண்டும் கூடினால் ஒரு பஸ்கி என்று நிரல் எண்ணும். போதிய அளவு மடங்காவிட்டால் 'இன்னும் கீழே' என்று சொல்லும்.

எங்கே தவறும்?

புடவை கட்டிய பெண் பஸ்கி எடுக்கிறார். முழங்கால் துணிக்குள் மறைந்திருக்கிறது. நிரல் ஊகித்துத்தான் புள்ளி வைக்கும். ஊகம் தவறலாம். இருட்டிலும் தவறும். பக்கத்திலிருந்து எடுத்தால் எவ்வளவு கீழே போகிறோம் என்பது தெரியும். முழங்கால் உள்ளே சாய்வது அவ்வளவாகத் தெரியாது. அதற்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும்.

ஆகவே வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள். தலை முதல் கால் வரை படத்தில் தெரியட்டும். உங்கள் வீடியோ கைப்பேசியிலேயே இருக்கிறதா, வேறெங்காவது போகிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வஸ்தாது முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் 'போதும், உட்கார்' என்பார். மூட்டுப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடும் நிரலுக்குக் கோணம் தெரியும். வலி தெரியாது. 'இன்னும் கீழே' என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும்.

முழங்கால் வலித்தால் உடனே நிறுத்துங்கள். கைப்பேசி பத்து எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.