அஸ்திவாரத்துக்கு முன்: சேரியில் வீடு கட்டத் திட்டமிடுதல்

புது வீடு கட்டுவதற்கான கையேடுகள் பெரும்பாலும் வாசல் எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகின்றன. இரண்டு மூன்று சென்ட் மனையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தெரு எந்தப் பக்கமோ வாசலும் அந்தப் பக்கமே. சேரியில் வீடு கட்ட நினைக்கும் குடும்பம் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி வேறு: இந்த மனை யாருடையது?

இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்ணையாரின் மண்ணில் குடிசை போட்டிருந்தவர்கள் கூலி உயர்வு கேட்டால் கூலியோடு குடிசையையும் இழக்க நேர்ந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான். பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தனிச்சட்டம் 1978இல் வந்தது. இன்று நாம் ‘காலனி’ என்றழைக்கும் குடியிருப்புகள் பலவற்றின் மனைகள் இவ்வழியில் கிடைத்தவை.

ஆனால் பட்டா கையில் இருப்பதும் மனை கையில் இருப்பதும் ஒன்றல்ல. பட்டாவை வழங்கிவிட்டு, நிலத்தை அளந்து கல் நடாமல் விட்ட ஊர்கள் உண்டு. பட்டா இருந்தும் கிராமக் கணக்கில் பெயர் ஏறாத குடும்பங்கள் உண்டு. பாட்டனார் பெயரிலேயே பட்டா நின்றுவிட, நான்கு வாரிசுகள் ஒரே மனையைப் பகிர்வது இன்னும் பரவலானது. ஆகவே செங்கல் விலை விசாரிப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்கைப் பார்த்து, வாரிசுச் சான்று பெற்று, பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்து, நில அளவரைக் கொண்டு எல்லையை உறுதி செய்துகொள்ள வேண்டும். மனுக்களின் ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்க வேண்டும். அரசு வீட்டுத் திட்டங்கள் பட்டா இல்லாதவரைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. யாருக்கு வீடு மிகவும் தேவையோ அவர்களே பட்டியலுக்கு வெளியே நிற்கும் முரண் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அடுத்தது பணம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான அடிப்படை உதவி 1.20 லட்சம் ரூபாய். வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு கூடுதல் தொகை தருகிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. இந்தக் கணக்கைக் கேட்டால் எந்தக் கொத்தனாரும் சிரிப்பார். மீதியைக் குடும்பத்தின் உடலுழைப்பும் கந்துவட்டியும் ஈடுகட்டுகின்றன. தொகை வேலையின் நிலைக்கேற்பத் தவணைகளில் வருவதால், ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் கைக்காசு இறங்க வேண்டும். நிபந்தனைப் பட்டாவை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குவதால் வெளிக்கடனே வழியாகிறது. எனவே அனுமதிக்கப்பட்ட அளவை முதலில் முடித்து, மாடிப்படிக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. பெரிய வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, லிண்டல் மட்டத்தில் நின்று, கம்பி துருப்பிடித்த வீடுகளைக் காணாத காலனி இல்லை.

மூன்றாவது பள்ளம். நமக்கு ஒதுக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் ஏரியோரமாகவோ வயலின் தாழ்ந்த முனையாகவோ இருக்கும். தெருவோ, பழைய சாலையைச் சுரண்டாமல் புதிது போடும்போதெல்லாம் உயரும். பேஸ்மட்டத்தை இன்றைய தெருவைப் பார்த்து முடிவு செய்தால் பத்தாண்டில் மழைநீர் வீட்டுக்குள் வரும். ஊர்ப் பெரியவர்களிடம் பெருவெள்ளத்தில் நீர் நின்ற அளவைக் கேட்டு, அதற்கு மேல் உயர்த்த வேண்டும்.

நான்காவது பாதை. மணல் வண்டி ஆதிக்கச் சாதியினரின் தெருவைக் கடந்துதான் வர வேண்டுமெனில் அது வெறும் போக்குவரத்துச் சிக்கலல்ல. வண்டியை மறித்தால் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கூலியும் திட்டச் செலவில் ஏறிவிடும். சாதியின் பெயரால் பொதுப் பாதையைத் தடுப்பதும், கொத்தனாரை வேலைக்குப் போகாதே என்று தடுத்துப் பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். பேச்சுவார்த்தைக்கு முன்பே புகாரை எழுத்தில் பதிவு செய்வது அவசியம்.

கல்வீடு கட்டிய பின்னும் அச்சம் தீர்வதில்லை. 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறையினரும், 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகளில் சாதி வெறியர்களும் தாக்கியபோது, தலித்துகள் உழைத்துச் சேர்த்த வீடும் பொருளுமே இலக்காயின. குடியிருப்பைத் தீவைத்து அழிப்பதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆயுள் தண்டனை உண்டு. எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித்தர வேண்டும் என்கின்றன 1995ஆம் ஆண்டு விதிகள். வீட்டுக்குள் இருந்த பொருளுக்கோ சான்று கேட்பார்கள். ஆகவே பட்டா, ரசீதுகள், கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையிலும் எடுத்த படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்திருக்க வேண்டும். கட்டுமானச் செலவுப் பட்டியலில் நகலெடுக்கும் செலவையும் எழுதிக்கொள்க.