அகத்தியர் மலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம், 1855

குற்றாலத்திற்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பொதிகை எனப்படும் அகத்தியர் மலை. அடிவாரங்களில் யானைக் காடு. உச்சி நெருங்கினால் வழுக்குப் பாறை. வண்டி ஏற வழியில்லாத இச்சிகரத்தில் 1855-இல் காந்த, வானிலை ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினார் ஜான் ஆலன் பிரவுன் (1817–1879). ஸ்காட்லாந்துக்காரரான இவர், திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்திற்கு 1852 முதல் 1865 வரை இயக்குநர்.

காந்த ஊசி எப்போதும் ஒரே திசையில் நிற்பதில்லை. ஒரு பாகையை 60 கூறாக்கினால், அதில் சில கூறு அளவே அது நாள்தோறும் அசையும். சமவெளியிலும் மலையுச்சியிலும் அந்த அசைவு ஒன்றுதானா என்று அளந்து பார்க்கவே பிரவுன் இச்சிகரத்தில் ஏறினார். குற்றாலத்தில் சாரலாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, அங்கே நேருக்கு நேர் மோதும். அந்தக் காற்றுக்கும் ஈரத்திற்கும் நடுவே நுண்கருவிகளைக் காத்து அளவெடுத்தது பெருஞ்சாதனை.

திருவனந்தபுரம், அகத்தியர் மலை அளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன.

சிகரம் ஏற விரும்புவோர் வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும்.