மிக்-21 விமானத்துக்கு என்ன நிறம்?
மாடல் செய்வோரைத் திணறவைக்கும் கேள்வி

போர் விமானத்துக்கு என்ன நிறம் என்று கேட்டால், "சாம்பல் நிறம்" என்று சட்டென்று பதில் வந்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாடல் விமானம் செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். "எந்த விமானம்? எந்த ஆண்டு? எந்தப் படைப்பிரிவு?" என்று அவர் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பார். காரணம் இல்லாமல் இல்லை.

இந்திய விமானப் படையில் 1963-ல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ந்தேதி சண்டிகாரில் விடைபெற்றது. 62 ஆண்டுகள் பறந்த விமானம் அது. மும்பையிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாசிக்கை அடுத்த ஓஜரில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் இந்த விமானங்கள் நூற்றுக்கணக்கில் தயாராகின. இனி அதைக் காட்சிக்கூடத்திலோ, அலமாரியில் இருக்கும் மாடலாகவோதான் பார்க்க முடியும். ஆகவே மாடலுக்குப் பூசும் நிறம் சரியாக இருக்கவேண்டும் என்ற அக்கறை முன்னைவிட இப்போது கூடியிருக்கிறது.

ஒரே விமானம், பல நிறம்

ஆரம்பத்தில் வந்த மிக்-21கள் பளபளக்கும் வெள்ளி மேனியோடு பறந்தன. வானத்தில் அது அழகுதான். தரையில் நிற்கும்போது அதுவே ஆபத்து. வெயிலில் மின்னும் உலோகம், மேலே பறக்கும் எதிரிக்கு வெகு தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

1971 போரின்போது பல மிக்-21கள் விமானத் தளங்களிலேயே அவசரம் அவசரமாகப் பச்சையும் பழுப்புமாக மாற்றப்பட்டன. தொழிற்சாலையில் அளவெடுத்துப் பூசிய பூச்சு அல்ல அது. அதனால் தளத்துக்குத் தளம் பட்டைகளின் வடிவம் மாறியது, நிறமும் மாறியது. பிற்காலத்தில் வந்த விமானங்களுக்குச் சாம்பல் நிறச் சாயல்கள் வந்தன. 1971 டிசம்பர் 14-ந்தேதி டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கிய மிக்-21-ஐச் செய்ய விரும்புகிறவர், 2020-ல் எடுத்த படத்தைப் பார்த்து வர்ணம் பூசினால் அது வேறு விமானம் ஆகிவிடும்.

நிறம் உயிர் காத்த கதை

விமானத்தின் நிறம் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இரண்டாம் உலகப் போரே சாட்சி. ஜப்பான் விமானங்களின் சின்னம் சிவப்பு வட்டம். பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச் சின்னத்திலும் நடுவில் சிவப்பு இருந்தது. அவசரத்தில் நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடக் கூடாதே என்று சிவப்பை எடுத்துவிட்டு, நீலச் சாயல்களை மட்டும் வைத்தார்கள்.

எண்தான் பெயர்

"வெளிர் சாம்பல்" என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் கண்ணுக்கு நீலமாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே நாடுகள் நிறங்களுக்கு எண் கொடுத்தன. பிரிட்டனுக்கு ஒரு பட்டியல், ஜெர்மனிக்கு ஒரு பட்டியல். அமெரிக்காவின் 'பெடரல் ஸ்டாண்டர்டு 595' என்ற பட்டியல் 1956-ல் வந்தது. 2017-ல் அதன் இடத்தில் வேறு பட்டியல் வந்தபோதும் எண் முறை தொடர்கிறது.

அதில் 36375 என்று ஒரு எண். முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பு இல்லாத மேட் பூச்சு. அடுத்த 6, சாம்பல் குடும்பம். கடைசி மூன்று இலக்கங்கள் சாயலைக் குறிக்கும். 36320 என்பதைவிட 36375 வெளிர்ந்த சாம்பல். அமெரிக்க எப்-18 விமானத்துக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

மிக்-21 விஷயத்தில் இந்த வசதி இல்லை. அது சோவியத் நாட்டில் பிறந்தது. அமெரிக்கப் பட்டியலில் அதற்கு "கிட்டத்தட்ட" பொருந்தும் எண்தான் கிடைக்கும். 1971-ல் தளத்தில் பூசிய பச்சைக்கு எண்ணே கிடையாது. அங்கே புகைப்படம்தான் கதி.

படம் பொய் சொல்லுமா?

சொல்லும். பழைய கலர் படங்கள் காலப்போக்கில் மஞ்சளித்துப் போகும், அல்லது சிவந்து போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நமது விமானச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. அந்த வெள்ளை படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளையே மஞ்சளாகத் தெரிந்தால், மற்ற நிறங்களிலும் அந்த மஞ்சள் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

காட்சிக்கு நிறுத்திய விமானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மழையிலும் வெயிலிலும் நிற்கும் விமானத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். அது பழைய நிறமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. விமானி அமரும் அறை இதற்கு விலக்கு. மிக்-21-ன் உள்ளே இருக்கும் நீலப்பச்சை நிறம், பார்த்தவர் மறக்காதது. சக்கர நடுவட்டின் பச்சையும் அப்படியே.

மூக்கு நுனிக் கூம்பை வெள்ளியாகப் பூசிவிடுவது பலர் செய்யும் தவறு. அதற்குள் ரேடார் இருக்கிறது. ரேடார் அலை உலோகத்தை ஊடுருவாது. ஆகவே அந்தக் கூம்பு வேறு பொருளால் ஆனது, நிறமும் வேறு.

சின்னதுக்குச் சற்று வெளிர்

நிறம் சரியாகக் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. மிக்-21-ன் இறக்கை அகலம் சுமார் 7.15 மீட்டர். 72-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் 10 செண்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த மாடலை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசல் விமானத்தை 72 அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்துப் பொருள் சற்று வெளிறித் தெரியும். எனவே அசல் பெயிண்டையே பூசினாலும் மாடலில் அது கறுத்துத் தெரியும். சில சொட்டு வெள்ளை சேர்த்தால் சரியாகும். எத்தனை சொட்டு என்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. பாதியில் பெயிண்ட் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கலக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

கலந்த பெயிண்டை உடனே விமானத்தில் பூசக் கூடாது. மீந்த பிளாஸ்டிக் துண்டில், அதே பிரைமர் மேல் பூசி, ஒரு இரவு காயவிட வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் வரும் சின்னங்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷும், பச்சை, பழுப்பு விமானமானால் கடைசியில் மேட் வார்னிஷும் பூசுவது வழக்கம். மேட் வார்னிஷ் நிறத்தைச் சற்று மாற்றும் என்பதால் அதையும் துண்டிலேயே சோதித்துவிடலாம்.

ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எனாமல் பெயிண்டும் தின்னரும் எளிதில் தீப்பிடிக்கும், ஆவியும் நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியாத நேரத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை பாடு ஒரு பொம்மைக்கா என்று கேட்பவர்கள் உண்டு. 1971-ல் அவசரமாக அந்தப் பச்சையைப் பூசிய தளத் தொழிலாளிகளின் பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பூசிய நிறமும் அந்த விமானங்களோடு போய்விட்டது. சரியாகப் பூசிய ஒரு சிறு மாடல், அந்தக் கைகள் செய்த வேலையை அடுத்த தலைமுறைக்குக் காட்டும்.