யன்னல் மாற்றுமுன் மூன்று விலை கேளுங்கள்

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது ஆற்றோரத்தில் பல வீடுகளின் மர யன்னல்கள் நீரில் ஊறின. ஊறிப் புடைத்த யன்னற் கதவை உடனே கழற்றி எறிய வேண்டியதில்லை சகோதரிகளே. நன்றாகக் காய்ந்தபின் சீவினால் பெரும்பாலும் மீண்டும் பூட்டலாம். நிலையின் அடியில் ஆணியால் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் உக்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

விலை கேட்கும் மூவருக்கும் ஒரே அளவைக் கொடுங்கள். ஒருவர் சதுர அடிக்கும் மற்றவர் முழு யன்னலுக்கும் சொன்னால் எது மலிவு? கண்ணாடியின் தடிப்பு, கம்பி, பழைய நிலையைப் பெயர்த்தல், சுவர்ப் பூச்சு எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். அலுமினியத்தைக் கறையான் அரிக்காது. ஆனால் பிள்ளைகளோடு தனித்திருக்கும் பெண்ணுக்குக் கம்பியில்லாத யன்னல் காவலாகாது. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீட்டில் ஆண் இல்லையென்றால் "பிறகு பார்ப்போம் அக்கா" என்று இழுப்பவர்கள் உண்டு. மீதியை யன்னலைத் திறந்து பூட்டிப் பார்த்தபின் கொடுங்கள்.