ஸஅதுல்லாஹ் வன்னூஸ்: மேடையில் எழுந்த வினாக்கள்

நவீன அரபு நாடகத்தின் தலைசிறந்த படைப்பாளிகளுள் ஒருவர் சிரியாவின் ஸஅதுல்லாஹ் வன்னூஸ் (1941–1997). தர்தூஸ் அருகே சிற்றூரொன்றில் பிறந்த அவர், கெய்ரோவில் இதழியல் பயின்றார்.

1967 ஜூன் போரின் தோல்வியே அவரது எழுத்தின் திசையை மாற்றியது. 'ஜூன் ஐந்துக்காக ஓர் இரவுக் கேளிக்கை' என்னும் நாடகத்தில், அவையோரிடையே அமர்ந்திருக்கும் நடிகர்கள் எழுந்து அத்தோல்விக்கு விளக்கம் கேட்கின்றனர்.

பின்னர் வந்தது 'மம்லூக் ஜாபிரின் தலை'. வஸீர் எதிரி மன்னனுக்கு எழுதும் இரகசியச் செய்தியை ஜாபிர் தன் மழித்த தலையில் சுமந்து செல்கிறான். கொண்டுவருபவனைக் கொன்றுவிடுக என்பதே அச்செய்தியின் இறுதி வரி. தான் சுமப்பது யாதென அறியாதவனின் முடிவு அது.

1982இல் பெய்ரூத் முற்றுகையிடப்பட்ட பின் பல்லாண்டுகள் அவர் நாடகம் எழுதவில்லை. 1992இல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்னரோ அவரது பேனா ஓயவில்லை. அக்காலத்து 'வரலாற்று நுண்ணோவியங்கள்' 1401இல் தைமூர் டமஸ்கஸை முற்றுகையிட்டதைச் சித்திரிக்கிறது. தைமூரைச் சந்தித்ததையும், அவன் கேட்டவாறு மக்ரிப் நாடுகளைப் பற்றி எழுதிக் கொடுத்ததையும் இப்னு கல்தூனே தம் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். நாடகத்திலோ அவருடைய மாணவர் அவரைக் கேள்வி கேட்கிறார்.

பேரறிஞரை இவ்வாறு விசாரிப்பது தகுமா எனச் சிலர் வினவலாம். இதை அவமதிப்பாக நாம் கருதவில்லை. அறிவு ஓர் அமானிதம். அதை எவரிடம், எதற்காக ஒப்படைக்கிறோம் என்பதற்கு அறிஞரும் பதில் கூறக் கடமைப்பட்டவரே.

1996இல் உலக நாடக தினச் செய்தியை எழுதிய வன்னூஸ், உரையாடலுக்கான பசியையே அதில் வலியுறுத்தினார். மறுஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.